கூடு விட்டுக் கூடு: விளையாட்டுப் பெட்டிகளும் அவற்றின் குடிகளும்

வீடியோ கேம் கன்சோல்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அதைத் தலைமுறைகளாகப் பிரிப்பது வழக்கம். அட்டாரி 2600 இரண்டாம் தலைமுறை. நின்டெண்டோவின் என்இஎஸ் மூன்றாவது. சேகா ஜெனிசிஸும் சூப்பர் நின்டெண்டோவும் நான்காவது. சோனியின் முதல் பிளேஸ்டேஷன் ஐந்தாவது. இப்படி எண்ணிக்கொண்டே வந்தால், இன்று பல வீடுகளில் தொலைக்காட்சிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பிளேஸ்டேஷன் 5 ஒன்பதாவது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளில் ஒன்பது தலைமுறைகள். மனிதக் குடும்பத்தில் இது தாத்தாவிலிருந்து பேரன்வரை கூட வராத காலம். ஆகவே ஆடுகிற ஒருவர் தன் வாழ்நாளில் ஐந்தாறு முறையாவது கூடு விட்டுக் கூடு பாய வேண்டியிருக்கிறது.

அப்படிப் பாயும்போது யார் யாரைத் தொடர்கிறார்கள், யார் பின்தங்குகிறார்கள், யார் ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்கள்? இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம், இதே சொற்களில்தான் நம்மைப் பற்றியும் பேசிக்கொள்கிறோம். முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை, இடம்பெயர்வு, விட்டுவந்தது, கொண்டுவந்தது.

இதைப் பற்றி ஆங்கிலத்தில் வந்திருக்கும் நூல்கள் பெரும்பாலும் போர்க்களக் கதைகள். பிளேக் ஹாரிஸின் ‘கன்சோல் வார்ஸ்’ (2014) தலைப்பிலேயே அதைச் சொல்லிவிடுகிறது. சேகாவின் அமெரிக்கத் தலைவர் டாம் கலின்ஸ்கி அதில் தளபதி, விளம்பரங்கள் ஆயுதங்கள், வாடிக்கையாளர்கள் பிடிக்கப்பட வேண்டிய நிலம். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த டேவிட் ஷெஃபின் ‘கேம் ஓவர்’ (1993) நின்டெண்டோவின் அலுவலக அறைகளுக்குள் நம்மை அழைத்துப்போகிறது. இரண்டும் உழைத்து எழுதப்பட்ட, சுவையான நூல்கள். ஆனால் இரண்டிலும் ஆடுகிறவருக்குப் பெரிய வேலை இல்லை. அவர் வாங்குகிறார், அல்லது வாங்காமல் போகிறார். ஏன் வாங்கினார், பழைய பெட்டியை என்ன செய்தார், வீட்டில் காசு யார் கையில் இருந்தது என்பதெல்லாம் கதைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. மெய்க்கீர்த்திகளில் மன்னன் வென்ற ஊர்களின் பெயர்கள் இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் என்ன நினைத்தார்கள் என்பது இருக்காது. அந்த மாதிரி.

என் தொழில், நிறுவனங்களைப் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு இடம் மாற்றுவது. பதினெட்டு ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறேன். இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று உண்டு: இயந்திரத்தை மாற்றுவது ஒரு வார இறுதியில் முடிந்துவிடும்; மனிதர்களை மாற்றுவதற்கு இரண்டு வருடம் ஆகும். புதிய திரை எவ்வளவு அழகாக இருந்தாலும், பழைய தரவு அதில் தெரியவில்லை என்றால் கணக்குப் பிரிவில் இருக்கும் அம்மா தன் பழைய எக்செல் கோப்புக்கே திரும்பிப் போய்விடுவார். அந்தக் கண்ணோடு கன்சோல் வரலாற்றைப் படித்தால் தளபதிகளின் கதை கொஞ்சம் மங்கி, வேறொரு கதை தெரிகிறது.

*

சேகாவிலிருந்து தொடங்குவோம். 1989இல் அமெரிக்காவுக்கு வந்த ஜெனிசிஸ், 1991இல் ‘சோனிக்’ ஆட்டத்தைப் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்து, விலையையும் குறைத்து, நின்டெண்டோவுக்கு நிகராக நின்றது. ‘கன்சோல் வார்ஸ்’ கொண்டாடும் வெற்றி இதுதான். அதற்குப் பிறகு நடந்தது கவனத்துக்குரியது. 1992இல் ஜெனிசிஸோடு இணைக்கும் சேகா சிடி. 1994 நவம்பரில் அதன் தலையில் செருகும் 32எக்ஸ். ஆறே மாதம் கழித்து, 1995 மே மாதத்தில், இவை இரண்டையும் ஓரங்கட்டும் சாட்டர்ன். அதுவும் சொன்ன தேதிக்கு நான்கு மாதம் முன்னதாக, 399 டாலர் விலையில், சில கடைகளுக்கு மட்டும். சரக்கு கிடைக்காத கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். அதே நாளில் அதே கண்காட்சியில் சோனியின் ஆள் மேடை ஏறி 299 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

வழக்கமாக இதை விலைப் போட்டியின் கதையாகச் சொல்வார்கள். விலைக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். 1992இல் பையன் கேட்டான் என்று சிடி இணைப்பு வாங்கிக் கொடுத்த அப்பா, 1994 கிறிஸ்துமஸுக்கு 32எக்ஸ் வாங்குகிறார். கோடை வருவதற்குள் இரண்டும் பழசு என்று அந்த நிறுவனமே சொல்லிவிடுகிறது. அந்த வீட்டில் அடுத்த முறை சேகாவின் பெயர் எடுபடுமா? சாட்டர்ன் உலகம் முழுவதும் ஒரு கோடியை எட்டவில்லை. 1999இல் வந்த டிரீம்காஸ்ட் நல்ல பெட்டி. இணைய வசதியோடு வந்தது. அதற்கென்று வந்த ஆட்டங்களை இன்றும் நேசிப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் ஒரு கோடியை எட்டாமல் 2001இல் நின்றது. மூன்று ஆண்டுகளில் மூன்று முறை மூட்டை கட்டச் சொன்னவனை நான்காவது முறை யாரும் நம்பவில்லை.

சோனியின் பக்கம் வேறொரு விதமான இடப்பெயர்வு நடந்தது. ஜப்பானின் ஸ்குவேர் நிறுவனம் தன் ‘ஃபைனல் ஃபேன்டசி’ வரிசையின் முதல் ஆறு ஆட்டங்களை நின்டெண்டோ பெட்டிகளுக்கே செய்திருந்தது. ஏழாவதை எழுதத் தொடங்கியபோது அவர்களுக்கு இடம் போதவில்லை. நின்டெண்டோ 64 கேட்ரிட்ஜையே பிடித்துக்கொண்டிருந்தது. அதில் அதிகபட்சம் 64 மெகாபைட். பிளேஸ்டேஷனின் ஒரு குறுந்தகட்டில் ஏறக்குறைய 650 மெகாபைட். 1997இல் ஏழாம் ஆட்டம் மூன்று குறுந்தகடுகளில் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் ‘டிராகன் குவெஸ்ட்’ வரிசையும் சோனிக்குப் போவதாக அறிவிக்கப்பட்டது. பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டியது. நின்டெண்டோ 64 மூன்றே கால் கோடியோடு நின்றது. கதை எங்கே போகிறதோ அங்கே வாசகர் போகிறார். தனக்குப் பிடித்த தொடர்கதை எழுத்தாளர் வேறு வார இதழுக்கு மாறியபோது தானும் இதழை மாற்றிக்கொண்ட நம் பாட்டிமார்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

*

இந்த இரண்டு கதைகளிலும் சொல்லாமல் இருக்கும் மூன்றாவது ஒன்று, பின்கட்டு. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டும்போது பின்கட்டில் ஓர் அறையை மட்டும் அப்படியே விட்டுவைப்பார்கள் இல்லையா, பெரியவர்களுக்கென்று? கன்சோல்களிலும் அது உண்டு.

நான் வசிக்கும் ரிச்சர்ட்சனுக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது. 75ஆம் நெடுஞ்சாலையோரத் தொலைத்தொடர்பு நிறுவனங்களை நம்பி நம்மில் பலர் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம். அதற்கெல்லாம் முன்பே இந்தப் பகுதியின் பெரிய முதலாளி டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். ரென்னர் சாலையில் அதன் சில்லுத் தொழிற்சாலையைத் தாண்டித்தான் எங்களில் பாதிப்பேர் வேலைக்குப் போகிறோம். அந்த நிறுவனம் தன் வீட்டுக் கணினியை 1983இல் பெரும் நட்டத்தோடு கைவிட்டது. வட அமெரிக்காவின் வீடியோ கேம் சந்தையே அந்த ஆண்டு சரியத் தொடங்கி, சுமார் 320 கோடி டாலரிலிருந்து 1985இல் 10 கோடி டாலருக்கு வந்து விழுந்தது. ஆனால் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சில்லுகள் மற்றவர்களின் பெட்டிகளுக்குள் போய் வாழ்ந்தன. 1982இன் கொலிகோவிஷனில் படம் காட்டியது இவர்களுடைய சில்லு. ஒலி எழுப்பியதும் இவர்களுடையதே. அந்த ஒலிச்சில்லின் வழிவந்த ஒன்று சேகா மாஸ்டர் சிஸ்டத்தில் இருந்தது. அது பின்னர் ஜெனிசிஸுக்குள்ளும் வந்தது. ஏன்? மாஸ்டர் சிஸ்டத்தின் ஆட்டங்கள் ஒரு சின்ன இணைப்போடு புதிய பெட்டியிலும் ஓடவேண்டும் என்பதற்காக. பழைய பெட்டியின் மூளையாக இருந்த இசட்80 செயலியும் அதே காரணத்துக்காக அங்கே குடியிருந்தது; மற்ற நேரங்களில் புதிய ஆட்டங்களுக்கு இசை வாசித்துக்கொடுத்தது.

பிளேஸ்டேஷன் 2இல் முதல் பிளேஸ்டேஷனின் செயலியே உள்ளே இருந்தது. பழைய தகட்டைப் போட்டால் அது எழுந்து முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளும். புதிய தகடு ஓடும்போது கைப்பிடி, நினைவட்டை போன்ற எடுபிடி வேலைகளைப் பார்க்கும். டிவிடி படங்களையும் அந்தப் பெட்டி ஓட்டியது. ஆகவே 2000ஆம் ஆண்டில் அதை வாங்கிய குடும்பம் எதையும் தூக்கிப்போட வேண்டியிருக்கவில்லை. டிவிடி பிளேயருக்குத் தனியாகக் காசும் தேவைப்படவில்லை. அது 15 கோடிக்கு மேல் விற்றது, அதுவரை எந்த வீட்டுக் கன்சோலும் தொட்டிராத எண்ணிக்கை. பின்கட்டு மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே சோனி 2006இல் பிளேஸ்டேஷன் 3ஐக் கொண்டுவந்தபோது, அமெரிக்காவில் முதலில் விற்ற பெட்டிகளில் பழைய செயலியை வைத்தது. விலை 499, 599 டாலர். பிறகு விலையைக் குறைப்பதற்காகப் பின்கட்டைப் படிப்படியாக இடித்தது. அந்தத் தலைமுறையில் சோனியின் எண்ணிக்கை 9 கோடிக்குள் சுருங்கியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நின்டெண்டோவின் வீ இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்கிறது. 2006இல் 249 டாலருக்கு வந்த அந்தப் பெட்டி, அதுவரை கைப்பிடியைத் தொடாதவர்களை அழைத்தது. கையை வீசினால் திரையில் பந்து உருண்டது. முதியோர் இல்லங்களில் பௌலிங் ஆடினார்கள். விசா எடுத்துப் பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த தமிழ்நாட்டுத் தாத்தாக்கள், டெக்சஸ் வரவேற்பறைகளில் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு டென்னிஸ் ஆடியதை நானே பார்த்திருக்கிறேன். 10 கோடிக்கு மேல் விற்றது. ஆறு ஆண்டுகள் கழித்து வந்த வீ யூ பழைய வீ ஆட்டங்களையெல்லாம் ஓட்டியது. பின்கட்டு பத்திரமாகவே இருந்தது. விற்றது ஒரு கோடியே 36 லட்சம்தான். ஏழில் ஒரு பங்குகூட வரவில்லை.

இதைத் தோல்வி என்று எழுதுகிறார்கள். எனக்கு அது வேறுமாதிரி தெரிகிறது. அந்தத் தாத்தாக்கள் நின்டெண்டோவின் குடிகள் அல்லர், விருந்தினர். ஆறு மாதம் இருந்தார்கள், ஆடினார்கள், ஊருக்குத் திரும்பினார்கள். அவர்களிடம் அடுத்த தலைமுறைப் பெட்டிக்கு மாறுங்கள் என்று கேட்பதில் பொருளில்லை. பார்வையாளர் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் விருந்தினரையும் குடியிருப்பவரையும் சேர்த்து எண்ணுவதுதான் சிக்கல். நம் தமிழ்ச் சங்கங்களின் பொங்கல் விழாவுக்கு வருகிற கூட்டத்தை எண்ணி, இதழுக்குச் சந்தா அனுப்பியவர்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும்.

*

இதுவரை சொன்ன தலைமுறைக் கணக்கு அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் உரியது. தமிழ்நாட்டுக்கு வந்தால் அது கலைந்துவிடுகிறது.

நின்டெண்டோவின் ஃபேமிகாம் ஜப்பானில் வெளியானது 1983இல். அதன் நகல்கள் மீடியா போன்ற பெயர்களில் இந்திய வீடுகளுக்குள் வந்தது தொண்ணூறுகளில். கேட்ரிட்ஜ் என்று யாரும் சொல்லவில்லை; அது ‘கேசட்’. பெட்டிக்கு ‘டிவி கேம்’ என்று பெயர். மரியோவையும் கான்ட்ராவையும் நாங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது அமெரிக்கப் பிள்ளைகள் இரண்டு தலைமுறை தாண்டிப் போயிருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது. பெட்டி வாங்க முடியாதவர்களுக்கு மணிக்கணக்கு வாடகைக்கு ஆடவிடும் கடைகள் இருந்தன. சென்னையில் வசதி உள்ளவர்களுக்குப் பர்மா பஜார் இருந்தது. பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்களுக்காக 1969இல் அமைந்த கடைவரிசை, வெளிநாட்டுப் பெட்டிகள் ஊருக்குள் நுழையும் வாசலாக மாறியது. ஓர் இடப்பெயர்வின் மிச்சம் இன்னோர் இடப்பெயர்வுக்குக் கடைபோட்டுக் கொடுத்திருக்கிறது.

பிளேஸ்டேஷன் 2 இந்தியாவில் நீண்ட நாள் வாழ்ந்தது. ஹைதராபாத்தில் உருவான ‘ஹனுமான்: பாய் வாரியர்’ 2009இல் அந்தப் பெட்டிக்குத்தான் வந்தது. கபடியும் கில்லியும் கொண்ட ‘தேசி அட்டா’வும் அதே பெட்டிக்கு. ஷாருக் கான் படங்களை ஒட்டிய ‘ரா.ஒன்’ 2011இல், ‘டான் 2’ 2013இல். பிளேஸ்டேஷன் 4 வெளியான ஆண்டு 2013 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கணக்கில் இரண்டு தலைமுறை பழையதான ஒரு பெட்டி, இந்தியாவில் முதன்முறையாகத் தன் ஊர்க் கதைகளை அப்போதுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டங்களின் தரம் உயர்ந்தது என்று வாதாட மாட்டேன். தலைமுறை என்பது தொழிற்சாலை அச்சடிக்கும் தேதி, ஆடுகிறவரின் நாட்காட்டி வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நண்பர்களுக்கு இந்த நாட்காட்டி இன்னும் வேறு. 1990க்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் மின்சாரமே இல்லாத ஊரிலிருந்து தொண்ணூறுகளின் நடுவில் டொராண்டோவுக்கோ லண்டனுக்கோ வந்து இறங்கிய பதின்ம வயதுப் பையனுக்கு முதல் தலைமுறையே ஐந்தாம் தலைமுறைதான். அவன் முந்தைய நான்கையும் தாண்டி வரவில்லை. அவை அவனுக்கு நிகழவே இல்லை. ‘கன்சோல் வார்ஸ்’ மாதிரியான நூல்கள் தம் வாசகரிடம் எதிர்பார்க்கும் ஏக்கம், அந்தப் பழைய ஒலிகளைக் கேட்டதும் நெஞ்சு நனையும் அந்த ஏக்கம், அவனிடம் இல்லை. அவனுடைய ஏக்கத்துக்கு வேறு பொருள்கள் இருந்தன.

இந்தியாவின் அடுத்த பாய்ச்சல் கன்சோலுக்கு அல்ல, கைப்பேசிக்கு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து தரவின் விலை விழுந்தது. 2018இல் ‘பப்ஜி மொபைல்’ வந்தது. 2020 செப்டம்பரில் அரசு அதைத் தடை செய்தபோது பார்வையாளர்கள் கலைந்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. 2021 ஜூலையில் அதே ஆட்டம் வேறு பெயரில் வந்ததும் கூட்டம் திரும்பி வந்து உட்கார்ந்தது. பெட்டியே இல்லாத ஒரு குடி அது. ரிச்சர்ட்சனில் இருக்கும் என் மகளும் கோயம்புத்தூரில் இருக்கும் அவள் அத்தை மகனும் ஒரே வயது. அவனிடம் ‘நீ எந்தக் கன்சோல்’ என்று அவள் கேட்டால் அவனுக்குக் கேள்வியே புரியாது.

*

இப்போது கதை திரும்புகிறது. எக்ஸ்பாக்ஸ் ஒன் 2013 மே மாதத்தில் அறிமுகமானபோது, பயன்படுத்திய தகடுகளைக் கைமாற்றிக்கொள்வதற்கு மைக்ரோசாஃப்ட் கட்டுப்பாடு விதித்தது. எதிர்ப்பு எழுந்து, ஒரே மாதத்தில் பின்வாங்கியது. தகட்டை நண்பனிடம் கொடுப்பது எப்படி என்று, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தகடு மாறுவதை மட்டும் காட்டும் சின்னப் படம் ஒன்றை வெளியிட்டுச் சோனி கேலி செய்தது. பிளேஸ்டேஷன் 4 சுமார் 11.7 கோடி விற்றது. பத்தாண்டுகள் கழித்து, 2023இல், எக்ஸ்பாக்ஸின் தலைவர் ஃபில் ஸ்பென்சர் ஒரு நேர்காணலில் சொன்னதன் சாரம்: தோற்கக்கூடாத தலைமுறையில் நாங்கள் தோற்றோம், ஏனென்றால் அப்போதுதான் எல்லாரும் தங்கள் டிஜிட்டல் நூலகத்தைச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

‘கன்சோல் வார்ஸ்’ வகை வரலாறு இந்த இடத்தில் செல்லாமல் போகிறது. பழைய காலத்தில் ஒவ்வொரு தலைமுறை மாற்றத்திலும் எல்லாரும் கையை உதறிக்கொண்டு புதிதாகத் தேர்ந்தெடுத்தார்கள். டாலஸில் பிறந்த பாபேஜஸ் என்ற கடை பின்னாளில் கேம்ஸ்டாப் ஆகி, பக்கத்து கிரேப்வைனில் தலைமையகம் வைத்திருக்கிறது. அது வளர்ந்ததே இந்த உதறலை நம்பித்தான்: பழைய பெட்டியையும் தகடுகளையும் கொண்டுவந்து கொடு, புதியதற்குக் கழித்துக்கொள்கிறேன். இன்று கொண்டுபோய்க் கொடுப்பதற்குக் கையில் பொருளில்லை. எல்லாம் கணக்கில் இருக்கிறது. கணக்கைக் கழித்துக்கொடுக்க எந்தக் கடையாலும் முடியாது. இருநூறு ஆட்டங்கள் ஒரு நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்துவிட்டால் அடுத்த பெட்டியும் அந்த நிறுவனத்துடையதுதான். குடிபெயர்வு முடிந்து, குத்தகை தொடங்கிவிட்டது.

குத்தகை என்ற சொல்லை யோசித்தே போடுகிறேன். கலிஃபோர்னியா 2024இல் இயற்றி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், டிஜிட்டல் கடைகள் ‘வாங்கு’ என்று பொத்தான் வைத்தால் அது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லவேண்டும் என்கிறது. நின்டெண்டோ 2023 மார்ச்சில் வீ யூவுக்கும் 3டிஎஸ்ஸுக்கும் இருந்த இணையக் கடையை மூடியது. அதே ஆண்டு வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று சட்டப்படி விலைக்குக் கிடைப்பதில்லை. பெட்டியை வைத்திருப்பவர்களும், நகல் எடுத்து வைத்திருப்பவர்களும், அருங்காட்சியகங்களும்தான் அவற்றின் புகலிடம். எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணத்தில், ஃப்ரிஸ்கோவில், 2016 முதல் இயங்கும் தேசிய வீடியோ கேம் அருங்காட்சியகத்தில் எண்பதுகளின் வரவேற்பறை ஒன்றை அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அங்கே போய் அட்டாரி ஆடிப் பார்க்கலாம். இப்போது என் மகள் ஆடும் ஆட்டங்களை இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்து இப்படி ஓர் அறையில் வைக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். அந்தப் பக்கத்தில் இருக்கும் சர்வர் அன்றைக்கு எங்கே இருக்கும்?

ஆட்டங்களே நாடுகளாகிவிட்டதும் சேர்ந்துகொண்டது. ‘மைன்கிராஃப்ட்’ 30 கோடிப் பிரதிகளைத் தாண்டியது 2023இல். ‘ஃபோர்ட்நைட்’ ஆடுகிறவர்கள் எந்தப் பெட்டியிலிருந்தும் ஒன்றாக ஆட, 2018இல் சோனியும் இணங்கியது. பிள்ளைகள் இன்று கேட்பது ‘அந்த ஆட்டம் இதில் வருமா’ என்பது மட்டும்தான். 2025 ஜூன் 5இல் வந்த ஸ்விட்ச் 2 நான்கே நாளில் 35 லட்சம் விற்றது. பழைய ஸ்விட்ச்சின் பெரும்பாலான ஆட்டங்கள் அதில் ஓடும், பழைய கணக்கும் தொடரும். வீ யூவிலிருந்து நின்டெண்டோ பாடம் படித்திருக்கிறது என்பேன்: விருந்தினரை எண்ணாதே, குடியிருப்பவரின் சாமான்களை முதலில் ஏற்று.

*

இந்த வரலாற்றில் எந்தப் பெட்டிக்கும் கட்டுப்படாத ஆட்டம் ஒன்று உண்டு. அதைச் செய்த நிறுவனம் இருப்பதும் எங்கள் ஊரில்தான். இட் சாஃப்ட்வேர், டாலஸின் இன்னொரு புறநகரான மெஸ்கீட்டில் இருந்தபோது, 1993 டிசம்பர் 10 அன்று ‘டூம்’ ஆட்டத்தை வெளியிட்டது. பின்னாளில் ரிச்சர்ட்சனுக்கு இடம் மாறியது. கணினிக்கென்று பிறந்த டூம், ஜாகுவார், 32எக்ஸ், சூப்பர் நின்டெண்டோ, பிளேஸ்டேஷன், சாட்டர்ன், கேம்பாய் அட்வான்ஸ், எக்ஸ்பாக்ஸ் 360, ஸ்விட்ச் என்று தலைமுறைகள்தோறும் பிறவி எடுத்தது. 1997இல் அதன் மூல நிரலை வெளியிட்டுவிட்டார்கள். அதன்பின் நிறுவனத்தைக் கேட்க வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. அச்சுப்பொறித் திரையிலும் பள்ளிப் பிள்ளைகளின் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கால்குலேட்டரிலும் டூமை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். சாட்டர்ன் போய்விட்டது, ஜாகுவார் போய்விட்டது, டூம் இருக்கிறது. டேவிட் குஷ்னரின் ‘மாஸ்டர்ஸ் ஆஃப் டூம்’ (2003) இதை இரண்டு மேதைகளின் கதையாகச் சொல்கிறது. ஜான் கார்மேக்கும் ஜான் ரொமேரோவும் மேதைகள்தான். ஆனால் முப்பது ஆண்டுகளாக அதைத் தோளில் சுமந்து வந்தவர்கள், புதுப்புது வரைபடங்களைச் செய்து சேர்த்துக்கொண்டே இருந்த ஆட்டக்காரர்கள். திறந்து கொடுத்ததால் அவர்களால் சுமக்க முடிந்தது.

இதை ஓர் இலக்கியக் காலாண்டிதழில் எழுதுவதற்குக் காரணம் இந்தப் பத்திதான். நமக்கும் இப்படி ஒரு தலைமுறை மாற்றம் நடந்தது. தொண்ணூறுகளில் புலம்பெயர் தமிழர் கணினியில் எழுதியவை பாமினி, மயிலை, முரசு அஞ்சல் என்று ஆளுக்கொரு எழுத்துருவில், ஆளுக்கொரு குறியீட்டில் இருந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் தாம், தாப் என்று இரண்டு தரங்கள். புலம்பெயர்ந்தவர்களின் முயற்சியில் திஸ்கி. பிறகு எல்லாவற்றையும் விழுங்கி ஒருங்குறி. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை முறைப்படி ஏற்றது 2010இல். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு வந்து சேர்ந்தன, ஏனென்றால் அவற்றை எடுத்துவர ஆட்கள் இருந்தார்கள். கோப்புகளும் திறந்து கிடந்தன. வராமல் போன சிற்றிதழ்க் கோப்புகள் எத்தனை? நெகிழ்வட்டுகளில், எந்தப் புதிய கணினியும் அடையாளம் காணாத எழுத்துருக்களில், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் அலமாரிகளில் அவை இருக்கின்றன. அச்சடித்த பிரதி இருந்தால் தப்பித்தது. இல்லையென்றால், பெட்டி மாறியபோது விட்டுப்போன கேசட்தான் அது.

இரண்டாம் தலைமுறை தமிழுக்கு வரவில்லையே என்று நம் கூட்டங்களில் அடிக்கடி அங்கலாய்க்கிறோம். பார்வையாளரைக் குறை சொல்லும் இந்தப் பேச்சு சேகாவின் அலுவலகத்திலும் நடந்திருக்கும். கன்சோல்களின் ஐம்பது ஆண்டுகள் காட்டுவது இதைத்தான்: பழைய சாமான்களுக்கு இடம் கொடுத்த வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், கதை போன இடத்துக்கு வருகிறார்கள், கைமாற்றிக்கொள்ள முடிந்ததை வைத்துக்கொள்கிறார்கள். மூட்டை கட்டு, மூட்டை கட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தால் வருவதில்லை. வந்த விருந்தினரைக் குடி என்று எண்ணிக்கொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஆகவே இரண்டு வேலைகள். உங்கள் வீட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து, அவன் அல்லது அவள் ஆடும் ஆட்டங்களில் எவை தகட்டில் இருக்கின்றன, எவை கணக்கில் மட்டும் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஆட்டத்தைப் பற்றி அவர்கள் உங்களிடம் முதன்முறையாக விரிவாகப் பேசும் நாளாகவும் அது இருக்கலாம். இரண்டாவது, உங்கள் அலமாரியில் பாமினியிலோ திஸ்கியிலோ உறங்கும் கோப்புகள் இருந்தால் இந்த ஆண்டே ஒருங்குறிக்கு மாற்றி, இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். மாற்றுவதற்கான கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நெகிழ்வட்டைப் படிக்கும் இயந்திரம்தான் நாளுக்கு நாள் அரிதாகிவருகிறது.